குடியை நிறுத்தவா, அடியை நிறுத்தவா: எந்தப் படிப்பை எடுப்பது?

அக்கா மகள் பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டாள். போன மாதம் வந்திருந்தபோது கைப்பேசியில் நான்கு விளம்பரங்களைக் காட்டினாள். முதலாவது, ஆறே வாரத்தில் போதை மீட்பு ஆலோசகர் ஆகலாம் என்றது. இணையத்திலேயே வகுப்பு, இணையத்திலேயே சான்றிதழ். இரண்டாவது எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலை, மூன்றாவது எம்.எஸ்சி. உளவியல். நான்காவது படிப்பே அல்ல, ஒரு மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் அறிவிப்பு: பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழக்குப் பணியாளர் தேவை, தொகுப்பூதியம், உள்ளூர்ப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். "இதில் எதைப் பிடிக்கட்டும் சித்தி?" என்றாள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வருடத்தையும் அப்பாவின் சேமிப்பையும் விழுங்கப் போகிற கேள்விக்கு அது பதிலாகாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17 ஆண்டுகளாகப் போதை மீட்பு மையங்களில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது ஆலோசகராக, இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஒரே வீடு, இரண்டு அமைச்சகங்கள்

அவள் காட்டியவற்றில் ஒன்று நேரே குடியைப் பற்றியது, ஒன்று அடியைப் பற்றியது. வீடுகளுக்குள் இப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வருபவன் என்று சொன்ன பெண்களில் 70 சதவீதம் பேர் அவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார்கள். கணவன் குடிக்காத வீடுகளில் அது 23 சதவீதம். எங்கள் துறையில் எல்லோரும் அந்த 70ஐ மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு உறுத்துவது 23. சொட்டு மது இல்லாத வீட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் அடி வாங்குகிறாள் என்றால், "குடித்தால்தான் அப்படி, மற்றபடி தங்கமான மனிதர்" என்று மாமியார்கள் சொல்லும் வாக்கியத்தில் பாதிக்கு மேல் பொய் இருக்கிறது.

அரசோ இந்த ஒரு வீட்டை இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. போதை மறுவாழ்வு மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. ஒருங்கிணைந்த சேவை மையமும் 181 மகளிர் உதவி எண்ணும் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்கள். ஆட்கள் தேர்வு தனித்தனி, பயிற்சியும் தனித்தனி. குடிநோய் ஆலோசகருக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தெரிவதில்லை. வழக்குப் பணியாளருக்குக் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பது தெரிவதில்லை. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் மற்றப் பாதியை நீங்களாகத்தான் தேடிக் கற்க வேண்டியிருக்கும். ஆகவே, எந்த வழியில் போனால் அந்த மற்றப் பாதியைக் கற்பது எளிது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆறு வாரத்தில் ஆலோசகர்

குறுகிய காலப் பயிற்சியை ஏளனம் செய்து தள்ளிவிட ஆசைதான், ஆனால் கோவா தடுக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கெடுதல் தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஆலோசனை தந்தவர்கள் உளவியல் பட்டதாரிகள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஒருவருக்கு அதிகம் போனால் நான்கு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் அண்மையில் குடிக்கவே இல்லை என்றார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 18 சதவீதம். பட்டம் இல்லாதவராலும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வைப் பற்றி இரண்டு விஷயங்களை விளம்பரக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். ஒன்று, அந்த ஆலோசகர்கள் வகுப்போடு விடப்படவில்லை. தங்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நிபுணர்கள் இருந்தார்கள். மேலும் அவர்களிடம் வந்தவர்கள் குடிக்கு முற்றிலும் அடிமையாகாதவர்கள். இரண்டாவதை நான் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்: குடி குறைந்தது, ஆனால் மனைவி மீதான வன்முறையில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. குடியை நிறுத்தினால் அடி தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் மையங்கள் பலவும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வழியிலேயே போவதென்றால், கடைச் சான்றிதழுக்கும் உண்மையான பயிற்சிக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். சமூக நீதி அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் போதை மீட்புப் பணியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது, தென்னிந்தியாவில் எங்கள் தலைமுறை ஆலோசகர்களில் பலர் தொழில் பழகிய இடம். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் 1989 முதல் அவர்கள் நடத்திவரும் கிராம முகாம்களின் கதையை ஒருவர் அருகில் உட்கார்ந்து கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மூன்றாவது, கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பின் வழியாக வந்த உலகப் பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டம். மூளையில் போதை செய்யும் வேலையில் தொடங்கி, மதிப்பீடு, நெருக்கடிக் கால உதவி, தொழில் அறம் வரை பகுதி பகுதியாகப் போகும். அதன் தேர்வை எழுத வெறும் வகுப்பு போதாது, வேலை அனுபவமும் கேட்பார்கள். அப்படிக் கேட்பதே அது ஒழுங்கான சான்றிதழ் என்பதற்கு அடையாளம். பணம் கட்டிய அன்றே இடம், ஆறாவது வாரமே அச்சடித்த தாள் என்றால் அது வேறு வியாபாரம்.

வகுப்பில் மட்டும் படித்தவர் செய்யும் தவறுக்கு உயிர் போகலாம் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பல வருடமாகக் காலையிலேயே குடிப்பவர் ஒரு வேகத்தில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கத்தியோடு நிற்கிறார் என்று பிதற்றத் தொடங்கலாம். அது பேய் அல்ல, மன உறுதிக் குறைவும் அல்ல, மருத்துவ நெருக்கடி. அப்போது ஆலோசகர் செய்ய வேண்டியது பேசுவதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுவது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று, அந்த மருந்தை வாங்கிக் கலந்துவிட்டு வருகிற தாயிடம் கோபப்படாமல் ஆபத்தை எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும். இவை தாளில் இருக்கின்றன. கையில் வருவதற்குத்தான் நாளாகிறது.

இதில் ஒரு விதிவிலக்கு, குடியிலிருந்து மீண்டவர்கள். அரசு உதவி பெறும் மையங்களில் அவர்களுக்கென்றே சக வழிகாட்டிப் பணியிடம் உண்டு. ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லை அரசு அறிவிப்புகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய ஆற்றுப்படைப் பாணர்கள் நினைவுக்கு வருவார்கள். போய்ப் பரிசு பெற்றுத் திரும்பியவன், வறுமையோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வான். அந்த முறைப்படி பார்த்தால் எங்கள் மையத்தில் உண்மையான ஆற்றுப்படுத்துநர்கள் அவர்கள்தான், நான் வரைபடம் படித்தவள். மீண்டு சில ஆண்டுகள் ஆனவருக்குக் குறுகிய காலப் பயிற்சியே சிறந்த தொடக்கம். அக்கா மகளுக்கு அது பொருந்தாது.

எம்.எஸ்.டபிள்யூ.

இரண்டு ஆண்டு. சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் முதல் லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி., மதுரை சமூக அறிவியல் நிறுவனம் என்று இடங்களுக்குக் குறைவில்லை. சேரும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறப்புப் பிரிவுகளில் மனிதவள மேலாண்மையும் ஒன்று. என்னோடு படித்தவர்களில் கணிசமானவர்கள் சமூகப் பணிப் பட்டத்தோடு தொழிற்சாலை வாசலில் வருகைப் பதிவேடு பார்க்கிறார்கள். அதில் தவறில்லை, சம்பளமும் எங்களைவிட அதிகம். ஆனால் போதைத் துறைக்கு வர வேண்டுமென்றால் மருத்துவ, மனநலச் சமூகப் பணி என்ற பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் படிப்பின் உயிர் களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை பார்த்து, அறிக்கை எழுதி, மறுவாரம் ஆசிரியரிடம் திட்டு வாங்க வேண்டும். நான் முதல் பருவத்தில் எழுதிய வீட்டுப் பார்வை அறிக்கையில், "மனைவி ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு, "எதற்கு ஒத்துழைக்க வேண்டும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்றும் வழக்குக் குறிப்பில் பேனாவை அந்த வார்த்தைப் பக்கம் கொண்டுபோகும்போது கை நின்றுவிடும். எந்த இணைய வகுப்பும் எனக்கு அந்த வட்டத்தைப் போட்டிருக்காது.

இன்னொரு வசதி, சமூகப் பணிக்காரர் இரண்டு பக்கமும் போகலாம். மையத்தில் ஆலோசகர் பணிக்கும் இந்தப் பட்டத்தை ஏற்பார்கள், சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்றவற்றிலும் ஏற்பார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984இல் மும்பைக் காவல் துறைக்குள்ளேயே பெண்களுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியபோது அங்கே உட்கார வைத்தது பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைத்தான். குறை என்னவென்றால், சிகிச்சை நுட்பம் மேலோட்டமாகத்தான் வரும். ஊக்குவிப்பு உரையாடல் என்று ஒரு முறை இருக்கிறது. குடிப்பவரை வாதாடி மடக்காமல், மாற வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பது. வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்தது, இன்று எங்கள் தொழிலின் அச்சாணி. எங்கள் காலத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு பிற்பகல்.

உளவியல் முதுகலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்ற கணக்கு இனி நடக்காது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. நேரடி வகுப்பில் எம்.எஸ்சி. முடித்தாலும் மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு இதுவரை வழியாக இருந்த இரண்டாண்டு எம்.ஃபில். விடைபெறுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே மானியக் குழு 2022இல் எடுத்துவிட்டது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 வரை நீட்டிப்புத் தந்தது. இனி எந்தப் பட்டம் பதிவுக்குச் செல்லும் என்பதைக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடத்தில், போதை மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இருக்கும் வளாகத்தில், பயிற்சி கிடைத்தால் இந்த வழிக்கு ஈடில்லை. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். அந்த அளவுக்குப் படிக்கும் வேகம் இருந்தால் போகலாம். இல்லாமல், பதிவுக்கு உதவாத ஓர் எம்.எஸ்சி.யோடு நிற்பதாக இருந்தால், அதே இரண்டு ஆண்டுக்கு எம்.எஸ்.டபிள்யூ. அதிகக் கதவுகளைத் திறக்கும்.

வன்முறையின் பக்கம்

நான்காவது விளம்பரத்துக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015இல் தொடங்கப்பட்ட திட்டம். அடிபட்ட பெண்ணுக்குத் தங்க இடம், மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையில் என்பது நோக்கம். இரவுப் பணி உண்டு. ஒப்பந்த வேலை, பணி நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் அங்கே பார்ப்பதை வேறெங்கும் பத்து வருடத்தில் பார்க்க முடியாது. தொண்டு நிறுவனமாகப் பார்த்தால், சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. உதவி எண், தங்குமிடம், தீக்காயம் பட்ட பெண்களுக்கான ஆதரவு என்று இந்த வேலையின் எல்லா முனைகளையும் தொட்டிருக்கிறது. கற்றுக்கொள்ள அப்படிப்பட்ட இடம் வேண்டும்.

இந்த வேலையும் எங்கள் வேலையும் ஆலோசனை என்ற ஒரே பெயரில் ஓடுகின்றன. குணத்தில் ஏறக்குறைய நேர்மாறானவை, இதைத்தான் யாரும் சேருமுன் சொல்வதில்லை. போதை மீட்பில் முதல் பாடம், எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது. ஏன் குடித்தீர்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணங்கள்தான் எங்கள் மூலப்பொருள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். நீதித்துறை நடுவர் உத்தரவிட்டு நடக்கும் ஆலோசனையில், வன்முறை செய்தவர் தன் செயலுக்கு எந்த நியாயமும் கற்பிக்க அனுமதிக்கக் கூடாது. அனுமதி இல்லை என்பதை அமர்வு தொடங்குமுன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். "போதையில் கை நீண்டுவிட்டது மேடம்" என்பது எங்கள் அறையில் உரையாடலின் தொடக்கம். அங்கே அது செல்லாக்காசு.

ரகசியம் காப்பதும் அப்படித்தான். எங்களிடம் வருகிறவர் கஞ்சா வாங்கிய இடத்தைச் சொன்னாலும் வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரிந்துவிட்டால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை. எது எங்கே முறிகிறது என்று தெரியாத ஆலோசகர் இரண்டு பக்கமும் துரோகம் செய்துவிடுவார்.

நான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. குடும்ப அமர்வு என்று கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, என் படிவத்தில் இருந்த கேள்வியை வரிசைப்படி கேட்டேன்: "வீட்டில் அடிப்பாரா?" அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள். நான் இல்லை என்று எழுதிக்கொண்டேன். அவர் சிகிச்சை முடிந்து வீடு போன பிறகு அவள் ஒரு முறைகூட மையத்துக்கு வரவில்லை. பல மாதம் கழித்து வேறொரு பெண் மூலமாகத் தெரிந்தது, அவர் குடிக்கவில்லை, அடியை நிறுத்தவும் இல்லை. எங்கள் பதிவேட்டில் அவர் வெற்றிக் கணக்கில் இருந்தார்.

அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் வன்முறைப் பக்கத்தில் வேலை செய்த பெண்கள். அவர்களிடம் ஒரு சிறு பயிற்சிக்குப் போனபோதுதான், கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும், அது கொலைக்கு முந்தைய அறிகுறிகளில் ஒன்று என்று தெரிந்தது. பெண் பிரிந்து போக முடிவெடுக்கும் நாட்களே மிக ஆபத்தானவை என்பதும், ஆதார், ரேஷன் அட்டை, கொஞ்சம் பணம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நம்பகமான அண்டை வீட்டில் வைத்திருக்கச் சொல்ல வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மகளிர் காவல் நிலையங்கள் தமிழகத்தில் 1992இல் வந்தன. அங்கே இன்றும் பல இடங்களில் ஆலோசனை என்றால் இருவரையும் உட்காரவைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான். அது சமரசம். சமரசத்துக்குப் பயிற்சி தேவையில்லை, பெரிய மேசை போதும்.

இந்தப் பக்கத்தின் குறை, இங்கே ஆணிடம் வேலை செய்யக் கற்றுத்தருகிறவர்கள் மிகக் குறைவு. பெண்ணைக் காப்பாற்றி வெளியே கொண்டுவருவார்கள், அவன் அடுத்த திருமணத்துக்குத் தயாராகிவிடுவான். அந்த இடைவெளியில் நிற்க இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும்.

அவளுக்கு என் பதில்

எம்.எஸ்.டபிள்யூ., நேரடி வகுப்பு, மருத்துவ–மனநலப் பிரிவு. களப்பணியில் ஒரு பருவத்தைப் போதை மீட்பு மையத்திலும் ஒரு பருவத்தைச் சேவை மையத்திலோ பெண்களுக்கான தொண்டு நிறுவனத்திலோ கேட்டு வாங்கிக்கொள். முடித்ததும் இரண்டு வருடம் மையத்தில் வேலை, அதற்குப் பிறகு கொழும்புத் திட்டப் பாடத்திட்டத்தின் தேர்வு. ஆறு வாரச் சான்றிதழ் இப்போது வேண்டாம். சேவை மைய வேலை, வீட்டில் உடனடியாகப் பணம் தேவைப்பட்டால் மட்டும். அப்படிப் போனாலும் அது வீணாகாது.

கல்லூரியோ மையமோ, சேருமுன் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமல்ல. என் குறிப்புகளை வாரம் ஒரு முறை யார் படிப்பார்கள்? இரவு பத்து மணிக்கு ஒருவர் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? மையம் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் மையத்தில் களப்பணிக்குக்கூடப் போகாதே. பூட்டிய அறையும் பிரம்பும் உள்ள மையங்களில் எங்கள் தொழில் பழகினால் பிறகு மறக்க ஆண்டுகள் பிடிக்கும்.

வேலை கிடைக்குமா என்று அக்கா கேட்பாள். 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் 5.7 கோடி. அரசே டாஸ்மாக் நடத்தும் மாநிலத்தில், 2025 பிப்ரவரியில் அரசே கலங்கரை என்ற பெயரில் 25 மீட்பு மையங்களையும் திறந்தது. ஆகவே வேலை இருக்கும். சம்பளத்தைப் பற்றி அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மாலை அவளை குடியிலிருந்து மீள்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் திறந்த கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். மீண்டவர்கள் பேசுவார்கள், அவர்களுடைய மனைவிமார்களும் சில சமயம் பேசுவார்கள். கைப்பேசியை அணைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அன்று திரும்பும் பஸ்ஸில் அவள் யாரைப் பற்றி அதிகம் கேட்கிறாள் என்று பார்க்க வேண்டும், பேசியவரைப் பற்றியா, அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றியா.